ஆடி மாதத்தில் கீழ்காத்து

எனக்குப் பயம் என்பது அவ்வளவாகப் பழக்கமில்லாத சங்கதி. போலீஸ் ஏட்டம்மா வேல்விழி வருகிறாள் என்றால் குற்றாலத்தில் குடித்துவிட்டுக் குளிக்க வந்தவனுக்குப் போதை தானாக இறங்கும். சீசன் முழுக்க எனக்கு ஐந்தருவியில்தான் டியூட்டி. கையில் மைக், வாயில் விசில். தண்ணீர் கலங்கி வந்தால் மொத்தக் கூட்டத்தையும் ஒரே சத்தத்தில் வெளியேற்றிவிடுவேன். ஒரே சிக்கல், "அந்த மஞ்சச் சேலை, கிழக்க ஒதுங்கும்மா" என்று கத்தினால் வெளியூர்க்காரி திருதிருவென்று முழிப்பாள். திசை தெரியாமல் ஒரு மனுஷி எப்படிக் குடும்பம் நடத்துகிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வரும். எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டைக்கூடக் "கொஞ்சம் மேக்க தள்ளு" என்றுதான் சொல்வோம்.

அப்படிப்பட்டவளுக்கு அந்த ஆடி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓர் ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் அது பழக்கமாயிற்று.

கீழே பிரசவ அறையில் என் தங்கை முப்பிடாதி கிடந்தாள். காலையில் பெண் குழந்தை பிறந்திருந்தது. அது அழுத சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே அவள் புருஷன் சுந்தரபாண்டியனுக்குப் போன் போட்டேன். அவன் ராணுவத்தில் இருக்கிறான், எல்லையில் ஏதோ ஒரு பனிமலையில். அவனிடம் "தாயும் பிள்ளையும் நல்லா இருக்காவ" என்று சொல்லி வாய் மூடவில்லை, நர்ஸ் என்னை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். முப்பிடாதிக்கு ரத்தம் நிற்கவில்லை.

டாக்டர் நூர்நிஷா வெளியே வந்தபோது அவர் கையுறை முழங்கை வரை சிவந்திருந்தது. கடையநல்லூர்க்காரர், எதையும் பூசி மெழுகிப் பேசமாட்டார்.

"வேல்விழி, போக்க மட்டுப்படுத்தியிருக்கேன். ஆனா போனது ரொம்பப் போயிட்டு. உடனே ரத்தம் ஏத்தணும். அவளுக்கு ஓ நெகட்டிவ், இங்கன யாருக்கும் கெடையாது. தென்காசி ரத்த வங்கில ரெண்டு பை இருக்குன்னு சொல்லுதாங்க."

"நானே போய் எடுத்துட்டு வாரேன் டாக்டர்."

"எப்படிப் போவ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின நாள் ராத்திரியிலிருந்து கொட்டிய மழையில் தென்காசி ரோட்டில் ஆலமரம் ஒன்று மின்கம்பிகளோடு சாய்ந்து கிடந்தது. தேங்கிய தண்ணீருக்குள் கம்பி கிடப்பதால் ஆளையும் விடவில்லை, வண்டியையும் விடவில்லை. அந்தத் தடுப்பைப் போட்டதே எங்கள் ஸ்டேஷன்தான். இலஞ்சி வழியில் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போனது. தங்கையைத் தூக்கிக்கொண்டு போகவும் வழியில்லை, அவளுக்கு ரத்தத்தைக் கொண்டுவரவும் வழியில்லை.

"ட்ரோனை வரச் சொல்லியிருக்கேன்" என்றார் டாக்டர். "நர்ஸ் ரெண்டு பேரும் எனக்கு உள்ள வேணும். நீ மாடிக்குப் போ. அத ஓட்டுதவன் போன்ல கேக்கதுக்குப் பதில் சொல்லு. பெட்டி வந்ததும் எடுத்துட்டு ஓடி வா."

இந்த மாதிரி நேரத்துக்கென்றே அந்த வருஷம்தான் ட்ரோன் ஏற்பாடு செய்திருந்தார்கள். மொட்டைமாடியில் பெரிய மஞ்சள் வட்டம் வரைந்து, காற்றின் போக்கைப் பார்க்கக் கம்பத்தில் துணிக்குழாய் ஒன்றைக் கட்டி, வைகாசியில் வெள்ளோட்டமும் விட்டார்கள். பந்தோபஸ்துக்கு நானும் வந்திருந்தேன். இலை அசையாத வெயிலில் ட்ரோன் அலுங்காமல் வந்து வட்டத்தின் நடுவில் உட்கார்ந்தது. எல்லோரும் கை தட்டினோம், லட்டு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு சீசன் வந்தது. குரங்குகளும் வந்தன. துணிக்குழாயை நார் நாராகக் கிழித்துக் கம்பத்தை மட்டும் நமக்கு விட்டு வைத்திருந்தன. அதனால்தான் காற்றைச் சொல்ல மாடியில் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

மழை விட்டிருந்தது. மாடிக்கு மேற்கே, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்துக்கு எட்டு மாடி லாட்ஜ் ஒன்று நின்றது. அது போன வருஷம் எழும்பியது. மலையை மறைத்துக்கொண்டு கட்டிவிட்டு, மலை தெரியும் அறை என்று போர்டு வைத்திருந்தார்கள்.

போன் அடித்தது.

"மேடம், நான் விஜயசங்கர், ட்ரோன் பைலட். தென்காசியிலேருந்து பேசறேன். ஒரு தடவைக்கு ஒரு பைதான் வரும். முதல் பை கிளம்பிடுச்சு." மெட்ராஸ் பேச்சு. இளவயசுக் குரல். "வழியில எதிர்காத்து நல்லா அடிக்குது. அங்க எப்படி இருக்கு?"

நான் ஈரக் கையைத் தூக்கிப் பார்த்தேன். ஆனி ஆடி வந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வரும் காற்றைத்தான் நாங்கள் மேல்காத்து என்போம். சாரலைக் கூட்டி வருவது அதுதான். ஆனால் மாடியில் அது துளிகூட இல்லை. கொடியில் யாரோ மறந்துவிட்டுப்போன துண்டு, கிழக்கேயிருந்து வந்த லேசான காற்றில் லாட்ஜைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது.

"மேல்காத்தே இல்ல சார். கீழ்காத்துதான், அதுவும் லேசா."

"மேல் காத்து சுத்தமா இல்லையா?"

"சுத்தமா இல்ல. கண்ணால பாத்துச் சொல்லுதேன்."

"சூப்பர். அப்போ உயரத்திலேயே வந்து நேரா கீழ இறக்கிடறேன்."

நான் சரி என்றேன். எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. காற்று இல்லை, பையன் கெட்டிக்காரனாக இருக்கிறான், இன்னும் கொஞ்ச நேரத்தில் ரத்தம் என் கைக்கு வந்துவிடும் என்று நினைத்தேன்.

கிழக்கே தென்னந்தோப்புக்கு மேல் ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு தேனீக் கூட்டம்போல் இரைச்சல் கேட்டது. லாட்ஜின் உச்சி உயரத்துக்கு வந்து, எங்கள் மாடிக்கு நேர்மேலே நின்றது. கீழே தொங்கிய வெள்ளைப் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அது இறங்கவில்லை. யாரோ காலைப் பிடித்து இழுத்ததுபோல் சட்டென்று ஒரு பக்கமாகச் சரிந்தது. நிமிர்ந்தது. மறுபடி சரிந்தது. போனில் "ஐயோ, ஐயோ, என்ன இது" என்றான் விஜயசங்கர். அடுத்த நொடி அது சுழன்று பாதி உயரம் விழுந்து, அங்கிருந்து லாட்ஜின் பின்சுவரை நோக்கி வீசப்பட்டது. பிளாஸ்டிக் உடைகிற சத்தம் கேட்டது. பெட்டி பிளந்து, ஆறாவது மாடி வெள்ளைச் சுவரில் சிவப்பாக ஏதோ தெறித்துக் கோடு கோடாக இறங்கியது.

அது என்ன என்று என் மண்டைக்கு ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. என் தங்கைக்குள் போகவேண்டியது, எவனோ கட்டிய சுவரில் வழிந்துகொண்டிருந்தது.

"மேடம்! மேல காத்து இல்லன்னு சொன்னீங்களே!"

அவன் கத்தினதும் நானும் கத்தினேன். "ஆமா, இல்லதான்! இப்பவும் இல்ல! ஒமக்கு ஓட்டத் தெரியாம மோதிப்போட்டு என்னைய ஏசுதீராவே?"

"கட்டட உச்சியில அப்படி ஒரு காத்து பிச்சுக்கிட்டுப் போகுது! மேல இல்ல, கீழதான் காத்துன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் எங்கவே அப்படிச் சொன்னேன்? மேல்காத்துன்னா மேக்கேருந்து வார காத்துவே! கீழ்காத்துன்னா கிழக்கேருந்து வாரது!"

ஐந்தருவியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, திசை தெரியாத ஜனங்கள் என்று எத்தனை பேரை ஏசியிருப்பேன். அவன் மேலே என்றால் ஆகாசத்தைப் பார்க்கிறவன். நான் மேலே என்றால் மேற்கே செங்கோட்டையைப் பார்க்கிறவள். நடுவில் ஒரு பை ரத்தம் போயிற்று.

"இன்னும் ஒரு பைதான் இருக்கு" என்றான் அவன். "இன்னொரு ட்ரோனும் இருக்கு. ஆனா மேடம், கிழக்கேயிருந்தா காத்து வருதுன்னீங்க? இங்க மேற்கேயிருந்துதானே தள்ளுது."

நான் துண்டைப் பார்த்தேன். அது இன்னும் லாட்ஜைப் பார்த்துத்தான் ஆடியது. அப்புறம் நிமிர்ந்து மேகத்தைப் பார்த்தேன். மேகமெல்லாம் தலைக்கு மேல் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது.

பிறந்ததிலிருந்து இந்த மண்ணில் இருக்கிறேன், ஆடி மாதத்தில் கீழ்காத்தை நான் பார்த்ததே இல்லை. கண்ணால் பார்த்துச் சொல்கிறேன் என்றேனே தவிர, பார்த்ததை ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

"சார், இந்த மாசத்துல கிழக்கேருந்து காத்து வராது. இது காத்தே இல்ல, என்னமோ தப்பா இருக்கு."

"கட்டடம்" என்றான் அவன் மெதுவாக. "அந்த லாட்ஜ். காத்து அதுல மோதி, உச்சியைத் தாண்டிப் பின்பக்கம் உருண்டு விழுந்து, தரையோட திரும்பி வருது. நீங்க நிக்கிறது அந்தச் சுழலுக்குள்ள. நான் அதுக்குள்ளதான் இறக்கியிருக்கேன்."

அவன் சொல்லச் சொல்ல எனக்கு ஐந்தருவித் தடாகம் கண்ணுக்குள் வந்தது. பாறைக்குப் பின்னால் தண்ணீர் சும்மா கிடப்பதுபோல் இருக்கும். கழன்று விழுந்த செருப்பு அங்கே மட்டும் எதிர்த்திசையில், பாறையைப் பார்த்து மிதந்து போகும். குளிக்க வருகிறவர்கள் அதுதான் பத்திரமான இடம் என்று இறங்குவார்கள். நான் விசிலை ஊதி ஊதி விரட்டுவது அங்கிருந்துதான். நேராக ஓடுகிற தண்ணீரில் கால் ஊன்றி நிற்கலாம், அந்த இடத்தில் முடியாது.

"அப்ப மாடில இறக்கக் கூடாது" என்றேன். "லாட்ஜுக்கு மலைப்பக்கம் நெல்வயல் இருக்கு. அங்கன மறிக்கதுக்கு ஒண்ணும் கெடையாது. காத்து பேயா அடிக்கும். ஆனா ஒரே பக்கமா அடிக்கும்."

"எவ்வளவு பலமா?"

"அங்கன போய் நின்னாத்தான் தெரியும்."

படியிறங்கும்போது பிரசவ அறைக் கதவு திறந்திருந்தது. முப்பிடாதியின் கால் தெரிந்தது. மருதாணி வைத்த பாதம், மெழுகைப்போல் வெளுத்துக் கிடந்தது. நூர்நிஷா என் வெறுங்கையைப் பார்த்தார். "சீக்கிரம்" என்று மட்டும் சொன்னார்.

லாட்ஜுக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவில் ஒரு சந்து. அதற்குள் கால் வைத்ததும் காற்று என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. தள்ளியது என்று சும்மா சொல்லவில்லை, பின்னால் நாலடி போய் விழுந்தேன். டியூட்டியிலிருந்து அப்படியே போட்டு வந்திருந்த தொப்பி பறந்துபோயிற்று. தகரம் ஒன்று தலைக்கு மேல் பறந்து சுவரில் மோதியது. இரண்டு பெரிய கட்டடத்துக்கு நடுவில் அகப்பட்ட காற்று ஊளையிட்டது. அந்த ஊளையைக் கேட்டபோது, போகாதே என்று உடம்பு முழுக்கச் சொல்லியது. எந்த ரவுடியின் முன்னாலும் இப்படி என் கால் பின்வாங்கியதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, பாதி தவழ்ந்து வெளியே வந்தேன்.

லாட்ஜின் முன்பக்கத்தில் இன்னும் காற்று கீழே இடித்துப் புழுதியும் சாரலுமாகச் சுழன்றது. அதைத் தாண்டி வரப்பில் ஓடினேன். கட்டடத்திலிருந்து நல்ல தூரம் வந்ததும் சுழல் நின்றது. காற்று மட்டும் இருந்தது. மேற்கேயிருந்து, மலையிலிருந்து, நிற்காமல் நேராக வந்தது. நெற்பயிரெல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்ந்திருந்தது. எனக்குத் தெரிந்த மேல்காத்து அதுதான்.

"சார், வயல்ல நிக்கேன். மேல கீழன்னு இனிமே பேச்சே வேண்டாம். மலைப்பக்கமிருந்து தென்காசிப் பக்கமா அடிக்கு. பலமா அடிக்கு. ஆனா மாறாம அடிக்கு."

"நிமிர்ந்து நிக்க முடியுதா உங்களால?"

"சாஞ்சுக்கிட்டு நிக்க முடியுது."

"மேடம், ரூல்படி இந்தக் காத்துல நான் கிளப்பவே கூடாது. இது தாங்குமான்னு எனக்குத் தெரியாது. காத்து குறையிறவரைக்கும் காத்திருக்கலாம். இல்லன்னா ரோடு சரியாகட்டும். போச்சுன்னா இதோட முடிஞ்சது, வேற பை கிடையாது. என்ன செய்யட்டும்?"

என்ன செய்யட்டுமாம். காத்திருந்தால் அவள் செத்துப்போகலாம். வரச் சொல்லி, அது விழுந்தால், நான்தான் கொன்றேன் என்று ஆயுசுக்கும் ஆகும். அம்மா அப்பா போன பிறகு அவளுக்கு எல்லா முடிவும் எடுத்தவள் நான். எந்த ஸ்கூல், எந்த மாப்பிள்ளை, எந்த டாக்டர், எல்லாம் நான். எப்போதாவது பயந்தேனா? இப்போது இந்த ஒரு முடிவை வேறு யாராவது எடுத்துக்கொள்ளமாட்டார்களா என்று இருந்தது. அந்த மருதாணிப் பாதம் கண்ணை விட்டு நகரவில்லை.

"கொண்டாங்க" என்றேன். "லாட்ஜ் கிட்டயே வராதீங்க. தெக்க, தோப்பத் தாண்டிச் சுத்தி வாங்க. மலையப் பாத்துக்கிட்டே இறக்குங்க. போலீஸ் மழைக்கோட்டு போட்டுக் கை ரெண்டையும் ஆட்டுதேன், கேமராவுல தெரியும்."

அது வரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காற்றில் கேட்ட ஒவ்வொரு சத்தமும் ட்ரோன் உடைகிற சத்தமாகக் கேட்டது. முப்பிடாதி, முப்பிடாதி என்று வாய் ஓயாமல் சொன்னது. சாமியைக் கூப்பிட்டேனா, தங்கையைக் கூப்பிட்டேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே பெயர்தானே.

தோப்புக்குத் தெற்கே ட்ரோன் தெரிந்தது. மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, நடக்கப் பழகும் பிள்ளையைப்போல் ஓரடி வருவதும் அரையடி பின்வாங்குவதுமாக வந்தது. ஆனால் சுழலவில்லை. என் தலைக்கு நேரே வந்து, காற்றில் சாய்ந்தபடியே நின்றது.

"இறக்கறேன்" என்றான் அவன். "தரையைத் தொட்டதும் காத்து அதைப் புரட்டிடும். விசிறி நின்ன பிறகுதான் கிட்டப் போகணும். கேக்குதா?"

கேட்டது. ஆனால் வரப்பில் அது கால் வைத்ததும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு சேற்றுத் தண்ணீரை நோக்கி உருளப் போனது. விசிறி நின்றதா இல்லையா என்று யார் பார்த்தது? அப்படியே மேலே விழுந்து அமுக்கினேன். உள்ளங்கையில் ஏதோ கிழித்தது. பெட்டி என் வயிற்றுக்கு அடியில் இருந்தது. முழுசாக, சில்லென்று இருந்தது.

சந்துக்குள் இந்தத் தடவை காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. பெட்டியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஓடினேன். நூர்நிஷா வாசலிலேயே நின்றார். வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அந்தக் கதவுக்கு வெளியே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. என் கைக்குத் தையல் போட நர்ஸ் கூப்பிட்டாள். எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு கிறுக்குத்தனம்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் நூர்நிஷா வந்து என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "பிரஷர் ஏறியிருக்கு. ரோட்டைத் தொறந்தாச்சாம், ஆம்புலன்ஸ் வருது, தென்காசிக்குக் கொண்டு போயிருவோம். போய்ப் பாரு. அழாம பாரு."

முப்பிடாதி சன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். கையில் சிவப்புக் குழாய். கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள். உதடு அசைந்தது. குனிந்து காது கொடுத்தேன்.

"அக்கா, சன்னல அடைக்கா. மேல்காத்து குளிருது."

என் சட்டைப் பையில் போன் இன்னும் விஜயசங்கரோடு இணைப்பில் இருந்தது, பாவம், அவன் வைக்கவே இல்லை. "மேடம், என்ன சொல்றாங்க? மேல் காத்தா?" என்று அதற்குள்ளிருந்து பதறினான்.

"ஒண்ணுமில்ல சார். தங்கச்சி பேசுதா" என்றேன்.

சன்னலுக்குப் போனேன். நேரே லாட்ஜின் பின்சுவர். மறுபடி சாரல் தொடங்கியிருந்தது. ஆறாவது மாடியிலிருந்து இறங்கிய கோடுகள் அதில் கரைந்து, வெளிறி, ஆனாலும் தெரிந்தன.

"அங்கன என்னக்கா, செவப்பா?" என்றாள் முப்பிடாதி தலையைத் திருப்பி.

"ஏட்டி, அது பெயிண்டு. நீ கண்ண மூடு."

சன்னலைச் சாத்திக் கொக்கியை மாட்டினேன். வெளியே காற்று கதவை ஒரு தடவை தள்ளிப் பார்த்தது. கொக்கி பிடித்துக்கொண்டது. பிறகும் நான் கையை எடுக்கவில்லை.